தைராய்டு மாத்திரை போட்டும் எடை ஏன் இறங்கவில்லை?

ஜனவரி 8

வந்த கேள்வி: "அக்கா, எனக்கு வயது 34. தைராய்டு குறைவு என்று ஏழு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஏறிய பதினோரு கிலோ அப்படியே இருக்கிறது, அரை கிலோகூட இறங்கவில்லை. தைராய்டு வந்துவிட்டால் என்ன செய்தாலும் எடை குறையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோயா எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இன்னும் எதை விட வேண்டும்?"

எதையும் விட வேண்டாம். விட்டதைத் திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள். எனக்கு இது வந்து பன்னிரண்டு வருடமாகிறது, முதல் இரண்டு வருடம் நானும் "சாப்பிடக் கூடாதவை" என்று ஒரு பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். காயை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனதில் கடைசியில் தட்டில் மாவுச்சத்துதான் மிஞ்சியது, எடை இன்னும் ஏறியது.

தைராய்டு இருந்தால் எடை குறையாது என்பது சரியில்லை. குறையும். ஆனால் பதினோரு கிலோவும் தைராய்டால் வந்தது என்று வைத்துக்கொண்டு, மாத்திரை அதை இறக்கித் தரும் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். சுரப்பி மந்தமாவதால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டு என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம், சுமார் 2 முதல் 4.5 கிலோ. அதிலும் பெரும்பகுதி உடம்பு பிடித்து வைத்திருக்கும் உப்பும் நீரும். மீதி ஆறேழு கிலோவுக்கு வேறு கணக்கு.

ஜனவரி 9

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். "வேறு கணக்கு" என்றது, நீங்கள் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று குற்றம் சொல்வது போலக் கேட்கிறது. அப்படிச் சொல்ல வரவில்லை.

நோய் தெரியவருவதற்கு முந்தைய ஒரு வருடத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு மாடிப்படி பாதி ஏறும்போதே தொடை கனத்துவிடும். மற்றவர்கள் ஜன்னலைத் திறக்கச் சொல்லும்போது நான் போர்வை தேடுவேன். காலையில் எழுந்தால் கண்ணிமை தடித்திருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழாத ஒரு வீக்கம் அது. நடப்பது குறைந்தது, நின்றுகொண்டு செய்த வேலைகளையெல்லாம் உட்கார்ந்து செய்தேன், மாலை நாலு மணிச் சோர்வை பிஸ்கட்டை வைத்துத் தள்ளினேன். இப்படி ஏறிய எடையைச் சுரப்பியின் நேர்க் கணக்கில் எழுத முடியாது, ஆனால் சுரப்பி ஒழுங்காக இருந்திருந்தால் அது வந்தேயிருக்காது. சோம்பேறித்தனம் என்று ஒரு உறவினர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில் என் டிஎஸ்எச், அதாவது தைராய்டு ஹார்மோன் குறையும்போது ஏறும் எண், 38. நாலுக்குள் இருக்க வேண்டியது. வெகுநாள் அந்தக் காகிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம் பாத்திரம் கழுவும்போது, அதுவரை சோப்பு போட்டு இழுத்தும் வராத மோதிரம் தானாக நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடை பார்த்தேன், 3 கிலோ குறைந்திருந்தது. அதற்கு மேல் மாத்திரையால் எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

ஜனவரி 9, இரவு

உங்கள் டிஎஸ்எச் எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மாத்திரையை எதோடு, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் உணவைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

ஜனவரி 12

பதில் வந்தது. ஏழு மாதத்தில் மாத்திரை தொடங்கியபின் ஒரே ஒரு முறைதான் பரிசோதனை, டிஎஸ்எச் 9.2. மாத்திரை காலையில் காப்பியோடு. பத்து நிமிடம் கழித்து இரும்புச்சத்து மாத்திரை, அப்புறம் காலை உணவு.

சரி, விஷயம் இங்கேதான் இருக்கிறது.

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் சுரந்து கொடு" என்று தைராய்டைத் தட்டி எழுப்ப அனுப்பும் ஆள் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய அது ஏறும். பல ஆய்வகங்கள் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று போடுகின்றன. 9.2 என்றால் நீங்கள் இன்னும் சிகிச்சைக்குள் முழுதாக வரவில்லை. மருந்து வாயில் விழுகிறது, ரத்தத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

நாம் சாப்பிடும் தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் மிகக் கொஞ்சமான அளவில் தரப்படும் மருந்து, மைக்ரோகிராமில். காப்பி அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும், இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியே போய்விடும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியும் சாப்பாடும். இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான அமிலநீக்கி இதெல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. என் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இரவே படுக்கைக்குப் பக்கத்தில் போய்விடும். அலாரம் அடித்ததும் பாதிக் கண்ணில் விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன், எழுந்து முகம் கழுவிப் பாலைக் கொதிக்க வைக்கும்போது நேரம் சரியாக இருக்கும்.

இப்போதே போய்ப் பரிசோதனை செய்யாதீர்கள். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும், அதனால் எந்த மாற்றமும் முழுதாகத் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். அதுவரை ஒரே மாதிரி சாப்பிட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். மாத்திரை சாப்பிடும் முறையை மாற்றிய விஷயத்தை மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். தெரியாமல் அவர் அளவையும் கூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து அதிகமாகிவிடும்.

ஜனவரி 13

காலையில் குழந்தையைக் கிளப்பும் அவசரத்தில் ஒரு மணி நேரம் காப்பி இல்லாமல் இருக்க முடியாது என்கிறீர்கள். புரிகிறது. இரவு கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது விழுங்கினாலும் சரிதான். அதற்குப் பிறகு எதையும் கொறிக்கக் கூடாது. காலையோ இரவோ, தினமும் மாறாமல் ஒரே நேரம்.

ஜனவரி 20

முட்டைக்கோஸ் விவகாரம். இது எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் பயம் போய்விடும். 1928இல் அமெரிக்காவில் ஆலன் செஸ்னி என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஆராய்ச்சிக் கூடத்து முயல்களுக்குக் கழுத்து வீங்கியதைப் பார்த்தார்கள். அந்த முயல்களுக்குத் தீனியே முட்டைக்கோஸ்தான். அந்தக் குடும்பத்துக் காய்களில், ஹார்மோன் செய்யத் தேவையான அயோடினைச் சுரப்பி எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, அது உண்மை. மனிதர்களிலும் ஒன்று பதிவாகியிருக்கிறது: 88 வயதுப் பெண் ஒருவர் பாக் சோய் என்ற சீனக் கீரைக்கோசைப் பச்சையாகவே, தினமும் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ வரை பல மாதம் சாப்பிட்டு, தைராய்டு முற்றிலும் படுத்து நினைவிழக்கும் நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். 2010இல் மருத்துவ இதழில் வெளியானது.

அளவைப் பாருங்கள். தினமும் ஒன்றரை கிலோ, பச்சையாக. நாம் வேகவைத்து ஒரு கிண்ணம் சாப்பிடுகிறோம், வேகும்போதே அந்தப் பொருட்கள் பெருமளவு குறைந்துவிடும். இன்னொன்று, மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஹார்மோன் வெளியிலிருந்து தயாராகவே உள்ளே வந்துவிடுகிறது, அதற்குச் சுரப்பி அயோடினை எடுக்க வேண்டியதில்லை. எடையைக் குறைக்க நினைப்பவருக்கு வயிற்றை நிரப்பி, கலோரி குறைவாகத் தரும் காய்கள் இவைதான், அவற்றையே தள்ளிவைத்தால் பிறகு எதைச் சாப்பிடுவது? நான் இரண்டு வருடம் காலிஃபிளவரைத் தொடவில்லை என்பதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

சோயா வேறு கதை. அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்களுக்கு அது சுரப்பியைக் கெடுப்பதில்லை, மருந்து உறிஞ்சப்படுவதைத்தான் குறைக்கும். மாத்திரையை ஒட்டிச் சாப்பிடாதீர்கள், ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 22

மேலே அயோடின் என்று எழுதியதைப் பார்த்து, கடற்பாசி மாத்திரை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், அயோடின் சேர்த்த உப்பைச் சமையலில் பயன்படுத்தினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். எங்களைப் போல ஹஷிமோட்டோ வகை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் வகை இருப்பவர்களுக்கு அயோடின் அதிகமானால் சுரப்பி இன்னும் முடங்கும். கடற்பாசி மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது புட்டிக்குப் புட்டி மாறும். செலினியம் என்ற தாதுச்சத்துக்காக பிரேசில் கொட்டையைக் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடுவதும் அப்படித்தான், ஒரு கொட்டையிலேயே ஒரு நாளைக்குத் தேவையான 55 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடும்.

பிப்ரவரி 3

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

என் முதல் தவறு பட்டினி. ஒரு நாளைக்கு 800 கலோரி என்று ஐந்து வாரம் இருந்தேன். முதல் இரண்டு வாரம் சட்டென்று இறங்கியது, அதில் பாதி நீர் என்று அப்போது தெரியாது. அப்புறம் நின்றுபோனது. சீப்பில் முடி கொத்தாக வந்தது, குளிர் திரும்பி வந்தது, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே பழைய சோர்வு. காரணம் பிறகுதான் புரிந்தது. மாத்திரையில் இருப்பது டி4, அதாவது தைராக்சின் என்ற ஹார்மோன். உடம்பு அதை டி3 ஆக மாற்றினால்தான் திசுக்களுக்கு வேலைக்கு ஆகும். உணவு மிகவும் குறைந்தால் உடம்பு அந்த மாற்றத்தையே குறைத்துக்கொள்ளும், பஞ்சம் என்று நினைத்துச் செலவைச் சுருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கும் இது நடக்கும், ஏற்கெனவே மந்தமாக இருக்கும் எங்களுக்கு அது தெளிவாக உறைக்கிறது. ஐந்து வாரத்தில் இறங்கியது மூன்று மாதத்தில் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை ஒன்றையும் நிறுத்தவில்லை, இரண்டு வாரம் எழுதி மட்டும் வைத்தேன். எதைச் சாப்பிட்டாலும், ஒரு வாய் என்றாலும். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக ஊற்றும் பழக்கம் எனக்கு. ஒரு நாள் ஊற்றுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் விட்டு, பெரிய மேசைக்கரண்டியால் அளந்து பார்த்தேன். ஐந்து கரண்டி வந்தது, ஒரு ஆளுக்கு. ஒரு கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, ஆக 600. தட்டில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. அதை இரண்டு கரண்டியாக்கியதும் தினமும் 360 கலோரி குறைந்தது, சாப்பாட்டின் அளவு மாறவில்லை, பசியும் கூடவில்லை.

இன்னொன்று குழந்தைகள் மிச்சம் வைப்பது. வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வேன், நோட்டில் அது தினமும் மூன்று வரியாக வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் முதலில் புரதம் எங்கே என்று பார்க்கத் தொடங்கினேன், முட்டையோ மீனோ பருப்போ தயிரோ. அடுத்து காய், கடைசியாக மாவுச்சத்து. தைராய்டுக்கென்று இதில் தனியாக ஒன்றுமில்லை, யாருக்கும் பொருந்துவதுதான். நமக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம், மந்தமான குடலுக்கு நார்ச்சத்து உதவும். (நார்ச்சத்தையும் மாத்திரையை ஒட்டிச் சாப்பிட வேண்டாம்.) இப்படிப் பதினான்கு மாதத்தில் 8 கிலோ. மாதம் அரை கிலோ, சில மாதம் ஒன்றுமேயில்லை.

பிப்ரவரி 4

உடற்பயிற்சியைப் பற்றி எழுத விட்டுப்போனது. டிஎஸ்எச் சரியாகும்வரை நடை மட்டும் போதும், தசை வலியோடு எடை தூக்காதீர்கள். சரியான பிறகு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. எனக்கு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கியது, முதல் நாள் நாலுதான் முடிந்தது.

பிப்ரவரி 11

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: டிஎஸ்எச் சரியாகத்தான் இருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டால் எடை சீக்கிரம் இறங்காதா என்று.

செய்யாதீர்கள், தயவுசெய்து. நான் செய்திருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் யாருக்கும் சொல்லாமல் ஒரு மாதம் ஒன்றரை மாத்திரை போட்டேன். 2 கிலோ இறங்கியது உண்மை. இரவு படுத்தால் காதுக்குள் இதயம் அடிப்பது கேட்கும், கை நடுங்கி டம்ளர் தளும்பும், காரணமில்லாமல் குழந்தைகள்மீது எரிந்து விழுவேன். போன எடையில் தசையும் சேர்ந்தே போயிருக்கும், மாடிப்படி மறுபடி கனத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். உடல் பருமனுக்கோ எடை குறைப்புக்கோ இதைத் தரக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்துத் தாளிலேயே கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 12

நேற்றைய பதிலை எழுதிவிட்டுத் தூக்கம் வராமல் இந்த மருந்தின் பழைய கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். தடித்த முகம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. பிறகு வாய்வழியாகவே எடுத்துக்கொண்டு அவர் இன்னும் 28 வருடம் வாழ்ந்தார், 74 வயது வரை. அதற்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானதாக மரே எழுதியிருக்கிறார். 1914 டிசம்பர் 25 அன்று எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்க வேதியியலாளர் தைராக்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்தப் பெண்ணுக்கு முன்பு இதே நோயோடு இருந்தவர்களுக்கு வழியே இருக்கவில்லை. என் படுக்கைப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரையை எனக்கு இப்போது வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது.

மார்ச் 1

முதல் கேள்வி எழுதியவருக்கு அவசரமாக ஒன்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், அதிக அளவு என்றால் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பயோட்டின் பல ஆய்வகக் கருவிகளைக் குழப்பும், டிஎஸ்எச்சை உண்மையைவிடக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து மருத்துவர் அளவைக் குறைத்துவிடக்கூடும்.

மார்ச் 2

சாப்பிடுகிறாராம், 10 மில்லிகிராம். நல்லவேளை இப்போதே கேட்டேன். பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி மருத்துவரே சொல்லிவிட்டார்.

மார்ச் 6

கோதுமையை விடலாமா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக வருகிறது, அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் அது சரியாகக் காட்டாது. சீலியாக் இல்லாதவர்களுக்கு இதனால் எடை இறங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

மார்ச் 19

டிஎஸ்எச் 3.1! மருந்தின் அளவு மாறவில்லை, அதைச் சாப்பிடும் முறை மட்டும்தான் மாறியது. எடை 2.4 கிலோ குறைவு, காலையில் முகம் தடிப்பதில்லை என்கிறார். எனக்கு இன்று முழுக்க அதே சந்தோஷம்.

ஜனவரி 8இல் நான் எழுதியதில் ஒரு திருத்தம் இங்கே போட்டுவிடுகிறேன். மாத்திரை வெறும் 2 முதல் 4.5 கிலோவைத்தான் தொடும் என்ற தொனியில் எழுதியிருந்தேன். எடை பார்க்கும் இயந்திரத்தில் தெரிவது அவ்வளவுதான். ஆனால் டிஎஸ்எச் 9ல் இருக்கும்போது எண்ணெயை அளக்கக்கூட எனக்குத் தெம்பு இருந்ததில்லை, அந்தத் தெம்பும் மாத்திரை தருவதுதான். அதையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

இனி தினமும் எடை பார்க்காதீர்கள், பார்த்தே ஆக வேண்டும் என்றால் வாரச் சராசரி எடுங்கள். மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறி இறங்கும், அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

ஏப்ரல் 21

முதல் கேள்வி எழுதியவரிடமிருந்தே: "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கிறது, பரிசோதனையில் இரண்டு கோடு. எடை குறைப்பைத் தொடரலாமா?"

எடை குறைப்பை இன்றோடு நிறுத்துங்கள், மருத்துவரை நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கூப்பிடுங்கள். கர்ப்பத்தில் இந்த மருந்து அதிகம் தேவைப்படும், பலருக்குக் கால்பங்கிலிருந்து அரைப்பங்கு வரை கூடும், அதுவும் முதல் வாரங்களிலேயே. ஆரம்ப மாதங்களில் குழந்தைக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் உங்களிடமிருந்துதான் போகிறது. எவ்வளவு கூட்டுவது என்பதை அவர் சொல்லட்டும், அதுவரை உள்ள அளவை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். இனி நாலு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்ப்பார்கள்.

கர்ப்பகால வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதில் இரும்பும் கால்சியமும் இருக்கும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நடுவே நாலு மணி நேரம், மறந்துவிடாதீர்கள்.